டப்பா வண்டியும் எங்கள் செவலையும்

என் பையனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து நாலு மாதம். அவனிடம் என்னென்ன பொம்மைகள் இருந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நடந்த நல்லதும் கெட்டதும் அதில் ஒன்றினால்தான்.

ஒரு நீல பஸ். பின் சக்கரம் இரண்டும் கிடையாது. அதை அவன் ஓட்டும்போது உட்கார்ந்துகொண்டு நகரும் நாய்போல இழுத்துக்கொண்டு போகும். அடுத்தது, பால் வடிகட்டுகிற பழைய வடிகட்டி ஒன்று. கம்பி வலை கிழிந்துவிட்டதால் நான் ஓரமாகப் போட்டிருந்தேன். அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாப்பிடுவான், அதோடேயே தூங்குவான். தோப்பில் உதிர்ந்து கிடக்கும் தென்னங்குரும்பைகளைப் பொறுக்கி வந்து வாசற்படியில் வரிசையாக உட்கார வைப்பான். யாராவது ஒன்றை மிதித்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

இவனுக்கு நல்ல பொம்மையே இல்லையே என்று எனக்கு ஒரு குறை. கொல்லங்கோட்டுக்குப் போயிருந்தபோது பேட்டரி போட்டு ஓடுகிற ஒரு சிவப்புக் கார் வாங்கி வந்தேன். பட்டனை அழுத்தினால் முன்னால் போகும், பின்னால் வரும், விளக்கு எரியும். அவன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக மாட்டிடம் போய்க் காட்டினான். மாடு மோந்து பார்த்துவிட்டுப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவனும் அதேபோல் புஸ்ஸென்று ஊதிவிட்டுக் காரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். அதோடு அந்தக் காரின் கதை முடிந்தது.

இவை எல்லாவற்றையும்விட அவனுக்கு உயிராக இருந்தது டப்பா வண்டி. அதை நான்தான் செய்து கொடுத்தேன். பால்மாவு வந்த தகர டப்பா. அடியில் ஒரு ஓட்டை, மூடியில் ஒரு ஓட்டை, நடுவே ஒரு கம்பி, கம்பியின் இரு முனையிலும் கயிறு. உள்ளே நாலு புளியங்கொட்டை போட்டு மூடினேன். கயிற்றைப் பிடித்து இழுத்தால் டப்பா உருண்டுகொண்டே பின்னால் வரும், களக் களக் என்று சத்தம் போடும். செய்வதற்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அவன் அதை விட்டுப் பிரியவே இல்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன்பே கயிறு அவன் கையில் இருக்கும்.

கொஞ்ச நாளில் டப்பாவின் மூடி தளர்ந்துவிட்டது. அது அவனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. டப்பாவுக்கும் பசிக்கும் என்று அவனாக முடிவு செய்துகொண்டான். தான் ஒரு வாய் சாப்பிட்டால் அதற்கும் எதையாவது போட்டு மூடுவான். கூழாங்கல், சட்டைப் பித்தான், அவரைக்கொட்டை, எது கையில் கிடைத்தாலும். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் திறந்து பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது பெருமாட்டிப் பக்கம். ஒரு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்ணீர் கட்டுவது, உரம் வைப்பது, தேங்காய் போடும் நாளில் கூட நிற்பது. தோப்புக்குள்ளேயே எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஒரு மாட்டுச்சாளை. அதில் ஒரே ஒரு கறவை மாடு. செந்நிறமாக இருப்பதால் செவலை என்று கூப்பிடுவோம். காலையும் மாலையும் கறந்து, வீட்டுக்கு எடுத்ததுபோக மீதியைப் பால் சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றுவேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் செவலை ஒரு கிடாரிக் கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பையன் அதற்குப் பாப்பா என்று பேர் வைத்தான். அவனுக்கு அப்போது பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான் தெரியும். அதில் ஒன்றை அந்தக் கன்றுக்குக் கொடுத்துவிட்டான். நானும் ஒரு சின்னப் பித்தளை மணி வாங்கிக் கன்றின் கழுத்தில் கட்டினேன். கன்று துள்ளினால் மணி கேட்கும், மணி கேட்டால் செவலை கத்தும், செவலை கத்தினால் பையன் சாளைக்கு ஓடுவான்.

மூன்று வாரத்தில் கன்றுக்குக் கழிச்சல் வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். காப்பாற்ற முடியவில்லை. ஒரு தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். கழுத்துக் கயிற்றை அவிழ்த்து வந்து சாளைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினேன். பிறகு ஒரு நாள் பார்த்தபோது கயிறுதான் இருந்தது, மணி இல்லை. சாணிக்குழியில் விழுந்திருக்கும் என்று நானும் தேடவில்லை.

கன்று செத்த பசு அவ்வளவு சுலபமாகப் பால் கொடுக்காது. பிள்ளைகளாகிய உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். கன்று வந்து முட்டினால்தான் அதற்குச் சுரப்பு விடும். கன்று இல்லாவிட்டால் பாலை மேலே ஏற்றிக்கொள்ளும். காம்பைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் அடியில் இருக்கிற ஒரு ஆழாக்குதான் வரும். அப்படியே நாலைந்து நாள் போனால் மடி வீங்கிக் கட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பால் வற்றிவிடும்.

செவலையும் அப்படித்தான் செய்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்து என்றார் ஒருவர். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள்தான். நான் கன்றைப் புதைத்துவிட்டேன், புதைக்காமல் இருந்திருந்தாலும் பையன் பார்க்க அதைச் செய்திருக்க மாட்டேன். ஊசி போட்டால் தானாக இறங்கும் என்றார் இன்னொருவர். அந்த ஊசியைப் போடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் மாட்டு வியாபாரிக்குப் போன் பண்ணி, சரிப்படாவிட்டால் ஓட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி வைத்தேன். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இருக்கிறவன், அது கறக்காவிட்டால் வருஷம் முழுக்கத் தீனி போட்டுக் கட்டிவைக்க முடியாது. வியாபாரி கையில் போன மாடு எங்கே போய்ச் சேரும் என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

நாலாவது நாள் காலையில் அதிசயம்போல் செவலை சுரப்பு விட்டது. நான் குத்தவைத்துக் காம்பைத் தொட்டதும் மடி இறங்கியது. வாளி நிறைந்தது. அதற்கு முந்தின நாள்தான் பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்து வைத்திருந்தேன். மடியில் விளக்கெண்ணெயும் தடவியிருந்தேன். எல்லாம் என் கைராசி என்று நினைத்துவிட்டேன். நினைத்ததோடு நிற்காமல் பால் சங்கத்தில் எல்லோரிடமும் சொன்னேன். "கன்னு இல்லாத மாட்டைக் கறக்கறதுக்குக் கை வேணுமுங்க, கை" என்று கையைத் தூக்கியே காட்டினேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து மார்கழிக் கடைசிவரைக்கும் ஒரு நாள்கூடத் தவறாமல் செவலை கறந்தது.

நான் கறக்க உட்காரும் நேரத்தில் பையன் டப்பா வண்டியை இழுத்துக்கொண்டு சாளைக்குள் சுற்றி வருவான். அது காலில் தட்டுப்படும் என்று நான்தான் அவனை விரட்டுவேன். "அக்கட்டால போ சாமி, மாடு உதைக்கும்" என்பேன். அவன் போகமாட்டான்.

மார்கழி கடைசி நாள் எங்களுக்குக் காப்புக்கட்டு. வீட்டையும் சாளையையும் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, பழசு உடைசலை எல்லாம் ஒழித்து, மாலையில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகுவோம். அன்று காலையில், பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரர் கோவிந்தாபுரத்திலிருந்து தன் வண்டியில் வந்தார். உடைந்த குடம், ஓட்டை வாளி, துருப்பிடித்த மண்வெட்டி எல்லாவற்றையும் வாசலில் குவித்தேன். காலைக் கறவை முடிந்ததும் பையன் உள்ளே மறுபடி தூங்கிப்போயிருந்தான். டப்பா வண்டி படியோரம் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கி, துருப்பிடித்து, மூடி கோணி, சாணி அப்பி, பார்க்கவே சகிக்கவில்லை. பொங்கலுக்கு வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பையனுக்குத்தான் புதுக் கார் இருக்கிறதே? அதையும் குவியலில் போட்டேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆக்ரிக்காரர் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குவளை கொடுத்தார். நல்ல பேரம் என்று எனக்குச் சந்தோஷம்.

பையன் எழுந்து வந்து படியோரம் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பிறகு சாளையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் நின்றான்.

"டப்பா?"

"டப்பா போயிருச்சு சாமி. இந்தா பாரு, கார். டுர்ருன்னு போகும் பாரு."

அவன் காரைப் பார்க்கவில்லை. கீழ் உதடு மெதுவாகப் பிதுங்கியது. பிறகு ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் அழுததை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். "பாப்பா போச்சு, பாப்பா போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். டப்பாவையும் பாப்பா என்று சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தோம்.

"ஏனுங், அதைக் குடுக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?" என்றாள் என் மனைவி.

"பழைய டப்பாவுக்கு என்ன கேக்கறது? ரெண்டு நாள்ல மறந்துருவான்."

"அவன் மறப்பானாமா? உங்களுக்குத்தான் அவனைப் பத்தி ஒண்ணுந் தெரியாது."

மாலையில் வழக்கம்போல் வாளியை எடுத்துக்கொண்டு செவலையிடம் உட்கார்ந்தேன். காம்பைத் தொட்டேன். ஒரு ஆழாக்கு வந்தது, நின்றுவிட்டது. தட்டிக் கொடுத்தேன், தண்ணீர் தெளித்தேன், விளக்கெண்ணெய் தடவினேன். செவலை கழுத்தைத் திருப்பி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வாசம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"உங்க கைராசிக்குச் சுண்ணாம்பு ஆகாதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் தைப்பொங்கல். காலையிலும் பால் இல்லை. பருத்திக்கொட்டை இரண்டு பங்கு வைத்தேன். தின்றுவிட்டு நின்றது. பொங்கல் வைக்கப் பால் சங்கத்துக்குப் போய், அங்கே ஊற்ற வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு லிட்டர் வாங்கினேன். அவர் சும்மா இருக்கவில்லை.

"கை வேணுமுங்க கைன்னு சொன்னீங்க. அந்தக் கையை ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டீங்களாட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

வந்து மடியைத் தொட்டுப் பார்த்தேன். கல்போல இறுகியிருந்தது. செவலை காலை மாற்றி மாற்றி வைத்தது. இன்னும் ஒரு நாள் இப்படிப் போனால் தாங்காது. டாக்டருக்குப் போன் பண்ணினேன். வந்து பார்த்துவிட்டு, மடிநோய் இன்னும் வரவில்லை, சீக்கிரம் கறந்தாக வேண்டும், மாட்டுக்கு எது வழக்கமோ அதை மாற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனார். எதை மாற்றினேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு வியாபாரிக்குப் போன் பண்ணினேன். இப்போது வரமுடியாது, நாளைக்குப் பட்டிப் பொங்கல், மாட்டுப் பொங்கலன்று மாடு பிடிக்கமாட்டேன், நாளை கழித்து வருகிறேன் என்றார். போனை வைக்கும்போது என் மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"பட்டிப் பொங்கலுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டுட்டு, மறாநாளு புடிச்சுக் குடுத்துருவீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

சாளையைப் பார்த்தபடி நின்றவள் திடீரென்று சொன்னாள்:

"ஏனுங், கன்னு செத்த நாலாம் நாளு நம்ம பையன் டப்பாவை இழுத்துட்டு கறக்கற நேரத்துல மொத மொதல்ல சாளைக்குள்ள போனானில்லீங்க? அன்னிக்குத்தான் அது கறந்துது. நேத்து டப்பா போச்சு. நேத்துத்தான் நின்னுது."

பருத்திக்கொட்டையும் விளக்கெண்ணெயும் என் கையும் ஒன்றுமில்லை, ஒரு தகர டப்பாவின் சத்தத்துக்குத்தான் மாடு இத்தனை நாள் கறந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட நிமிஷத்திலேயே எனக்குத் தைரியமும் வந்துவிட்டது. டப்பாதானே? செய்தவன் நான். இன்னொன்று செய்தால் போயிற்று.

அதேபோல் ஒரு டப்பாவைத் தேடி எடுத்தேன். அதேபோல் ஓட்டை, கம்பி, கயிறு. நாலு புளியங்கொட்டை. பையனைத் தூக்கி வந்து கயிற்றைக் கையில் கொடுத்தேன். முந்தின நாளிலிருந்து முகம் வீங்கிக் கிடந்தவன், கயிற்றைப் பார்த்ததும் எழுந்தான். சாளைக்குள் இழுத்துக்கொண்டு போனான். களக் களக் என்றது. செவலையின் இரண்டு காதும் முன்னால் திரும்பின. நான் வாளியோடு உட்கார்ந்தேன்.

காது மறுபடி பின்னால் போய்விட்டது. பால் வரவில்லை.

பையனும் நின்றுவிட்டான். டப்பாவைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். மூடியைக் கழற்றச் சொல்லி என்னிடம் நீட்டினான். கழற்றிக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"பாப்பா இல்ல."

"என்ன சாமி இல்ல?"

"பாப்பா. உள்ள. இல்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மனைவி அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "பாப்பா எப்படி கண்ணு டப்பாவுக்குள்ள இருக்கும்? பாப்பா பெருசல்ல? காட்டு, எந்தப் பாப்பா?" என்று நிதானமாகக் கேட்டாள். அவன் யோசித்தான். பிறகு தன் கழுத்தில் கையை வைத்துக் காட்டினான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். "டிங்" என்றான்.

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் தூணைப் பார்த்தோம். ஆணியில் கன்றின் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. மணி இல்லாத கயிறு.

சாணிக்குழியில் விழவில்லை அந்த மணி. கயிற்றிலிருந்து நழுவி விழுந்ததைப் பையன்தான் எடுத்திருக்கிறான். பாப்பா போன பிறகு பாப்பாவின் மணியைத் தன் டப்பாவுக்குள் போட்டு மூடிக்கொண்டு, இத்தனை நாளாக அதைச் செவலை முன்னால் இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அந்தச் சத்தத்துக்குத்தான் அது சுரப்பு விட்டிருக்கிறது. அதைத்தான் நான் ஒரு பச்சைக் குவளைக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்போதே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பொங்கல் அன்று மாலை, ரோட்டில் கூட்டமே இல்லை. கோவிந்தாபுரத்தில் ஆக்ரிக்காரரின் கொட்டகை பூட்டியிருந்தது. அவர் வீடு பின்னாலேயே. வாசலில் புதுவேட்டி கட்டிக்கொண்டு கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க தம்பி. கொவள ஒழுவுதுங்களா?"

"கொவளைக்கு ஒண்ணுமில்லீங்ணா. நேத்துப் போட்ட சாமானத்துல கயிறு கட்டின தகர டப்பா ஒண்ணு இருந்துது. அது வேணும்."

அவர் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொங்கலும் அதுவுமா டப்பாவத் தேடிட்டு வந்திருக்கீங்க. பையனுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுக்கப்படாதா?"

"புதுசும் வாங்கிக் குடுத்தேனுங்க. பையனுக்கு மட்டும்னா பரவால்லீங்ணா. மாட்டுக்கும் அதுதான் வேணுமாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்து கொட்டகையைத் திறந்தார். தகரம் எல்லாம் ஒரு மூலையில் கல்லால் அடித்துத் தட்டையாக்கிக் குவித்துக் கிடந்தது. எங்கள் டப்பாவைக் கயிற்றை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். அப்பளம்போல் ஆகியிருந்தது. அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"உள்ள ஒரு சின்ன மணி இருந்துதுங்ணா. அதும் நசுங்கிருக்குமா?"

"நீங்க ஒண்ணு. டப்பாவ ஆட்டிப் பாக்காம நான் அடிக்கிறதே இல்ல. அதுல என்னென்ன இருந்துதுங்கறீங்க? பித்தான், கல்லு, ஒரு வெண்டைக்கா, கொத்துத் தேங்கா நாரு. மணி அந்த நாருக்குள்ள சுத்திக் கெடந்துது. அதான் சத்தம் அமுங்கிக் கேட்டுது." சொல்லிக்கொண்டே ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உடைந்த குழாய், குத்துவிளக்கின் தலை, பூட்டு, எல்லாம் பித்தளை. "தகரம் தகரத்தோட, பித்தள பித்தளையோட. இது எங்க தொழிலுங்க."

கையை விட்டுத் துழாவி எடுத்தார். பாதி எலுமிச்சம்பழம் அளவில் அந்த மணி. நாக்கு ஆடியது. நான் கொண்டுபோயிருந்த பச்சைக் குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "வெச்சுக்குங்க தம்பி. உங்களுக்கு எதுக்கு எதைக் குடுக்கறதுன்னு தெரியாட்டியும், எனக்குத் தெரியும்" என்றார். நாரும் கொஞ்சம் கேட்டேன். அது தோப்பிலேயே கிடக்குமே என்று அப்போதுதான் சிரித்தார்.

நான் வீடு திரும்பும்போது பையன் தூங்கிவிட்டான். மறுநாள் பட்டிப் பொங்கல். சாளை முன்னால் சாணியால் கரைகட்டி, சின்னக் குளம்போல் செய்து, தண்ணீர் ஊற்றிப் பூப்போடுவோம். மாடு அதைத் தாண்டிப் போக வேண்டும், நாங்கள் தட்டைத் தட்டிக்கொண்டு பின்னால் போவோம். பட்டியில் வைக்கிற பொங்கலுக்குப் பட்டியில் கறந்த பாலைத்தான் ஊற்றுவது எங்கள் வழக்கம். அதனால் அன்று விடிந்ததும் முதலில் கறந்து பார்த்துவிடலாம் என்று வாளியை எடுத்தேன்.

மணியைச் செவலையின் கழுத்திலேயே கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். ஒரேயடியாகப் பிரச்சினை தீரும்.

"இனியும் உங்க யோசனையா?" என்றாள் என் மனைவி. "இத்தன நாளு கறக்க வெச்சது அவன். அவங்கிட்டக் குடுங்க. அவனுக்குத் தெரியும்."

மணியைப் பையனிடம் நீட்டினேன். அவன் அதைப் பார்த்ததும் ஓவென்று கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை. ரொம்ப நாள் வேலை தெரிந்த ஆள்போல் வாங்கிக்கொண்டான். தோப்புக்குள் போய்த் தேங்காய் நார் ஒரு கொத்துக் கொண்டுவந்தான். புது டப்பாவைத் திறந்து புளியங்கொட்டையைக் கீழே கொட்டினான். நாரைப் போட்டான், மணியைப் போட்டான். சுற்றும் முற்றும் பார்த்து ஒரு குரும்பையையும் எடுத்துப் போட்டான். மூடச் சொல்லி என்னிடம் கொடுத்தான். வடிகட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாளைக்குள் நடந்தான்.

சத்தம் பழைய மாதிரியே இல்லை என்று எனக்குப் பட்டது. குரும்பை இடித்துக்கொண்டு டொக் டொக் என்றது. அதற்குள்ளே எங்கேயோ, நன்றாகக் கவனித்தால்தான் கேட்கிற மாதிரி, மணி. நான் இத்தனை நாளும் கவனிக்காதது அதைத்தான்.

செவலையின் காது முன்னால் திரும்பியது. இந்தத் தடவை பின்னால் போகவில்லை. அது தலையைத் தாழ்த்தி ம்ம்ம் என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. கன்று இருந்தபோது கொடுத்த சத்தம். நான் காம்பைத் தொட்டேன். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. மடி இறுகிக் கிடந்ததால் அதற்கு வலித்திருக்கும், ஒரு தடவை காலைத் தூக்கியது. பையன் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தான். நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ என் விரலுக்கடியில் மடி இளகுவது தெரிந்தது. பிறகு வாளியில் பால் விழுகிற சத்தத்தில் மணிச்சத்தம் கேட்கவில்லை.

வாளி நிறையவில்லை. முக்கால்தான். பழைய அளவுக்கு வர ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் அன்றைக்குப் பட்டிப் பொங்கலுக்கு எங்கள் செவலையின் பாலைத்தான் ஊற்றினோம். தட்டைத் தட்டிக்கொண்டு அதைக் குளத்தைத் தாண்ட விட்டபோது, பையன் டப்பாவைக் குளத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போய் எல்லோர் மேலும் சாணித் தண்ணீரைத் தெளித்துவிட்டான். புதுப்புடவை போச்சே என்று என் மனைவி கத்தினாலும் சிரித்துக்கொண்டேதான் கத்தினாள்.

இந்தச் சந்தோஷத்தில் வியாபாரிக்குப் போன் பண்ண மறந்துபோனேன். மறுநாள் காலையில் சொன்னபடி வந்து நின்றார். தோளில் புதுக்கயிறு. எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கட்டியிருக்கும் கயிற்றைக் கொடுக்கமாட்டோம், அவிழ்த்து வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்ததும்தான் போன் பண்ணாதது நினைவுக்கு வந்தது. வாசலில் உட்கார வைத்தேன். என் மனைவி ஒரு பெரிய டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"காப்பி நல்லாருக்குதே கண்ணு. பாலு எங்க வாங்குனீங்க?"

"நீங்க புடிக்க வந்தீங்களே, அந்த மாட்டுப் பாலுதானுங்க" என்றாள்.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாளையில் டொக் டொக் என்று டப்பா உருளும் சத்தம் கேட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் செவலையின் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப இத நான் வாங்கணும்னா பையனையும் சேத்தில்ல ஓட்டிட்டுப் போகோணும்?"

"ரெண்டையும் குடுக்கறதா இல்லீங்ணா" என்றேன். இந்தத் தடவை கையைத் தூக்கிக் காட்டவில்லை.

அவர் கிளம்பும்போது தோளில் இருந்த கயிற்றை எடுத்து மடித்தார். கொண்டுவந்த கயிற்றை வெறுங்கயிறாகத் திருப்பிக்கொண்டு போகக்கூடாதாம், அடுத்த வியாபாரம் ஆகாதாம். பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். பையன் அதை முகர்ந்து பார்த்தான். நீளத்தைத் தரையில் விரித்துப் பார்த்தான். பிறகு உள்ளே போய் நீல பஸ்ஸைத் தூக்கி வந்து, கட்டிவிடச் சொல்லி என்னிடம் நீட்டினான்.

மாடு கட்டுகிற கயிறு, பஸ்ஸைவிடக் கனமாக இருந்தது. இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.